பழைய கேஸை வைத்துப் புதிய கேஸை நிரூபிக்க முடியாது

எழும்பூர், சைதாப்பேட்டை கோர்ட்டு வாசலில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "பையன் மேல ஏற்கெனவே ரெண்டு கேஸ் இருக்கே சார், அதை வச்சே இதுலயும் தண்டனை கொடுத்துடுவாங்களா?" கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

சட்டப்படி கொடுக்க முடியாது. ஒருவர் கெட்ட நடத்தை உள்ளவர் என்று காட்டி, 'அதனால் இதையும் செய்திருப்பார்' என்று அரசுத் தரப்பு வாதிடக் கூடாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 54-வது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 49-வது பிரிவாக இருக்கிறது. செஷன்ஸ் வழக்கில் (கடுமையான குற்றங்களை செஷன்ஸ் கோர்ட்டு விசாரிக்கும் வழக்கு), கூடுதல் தண்டனை கேட்பதற்காக முந்தைய தண்டனையைக் குற்றச்சாட்டில் சேர்த்திருந்தாலும்கூட, இந்த வழக்கில் குற்றவாளி என்று முடிவான பிறகுதான் அதைப் படித்துக் காட்டலாம்.

ஒரு செயின் பறிப்பு நடந்தால் போலீஸ் முதலில் தேடிப் போவதே ஹிஸ்டரி ஷீட்டில் (பழைய குற்றவாளிகள் என்று போலீஸ் வைத்திருக்கும் பதிவேடு) இருப்பவர்களைத்தான். பிடிபட்டதே பழைய கேஸால்; அடையாளம் காட்ட வந்த சாட்சி தடுமாறி, போலீஸ் நகையை மீட்டபோது உடனிருந்ததாகச் சொன்ன சாட்சியும் பிறழ்ந்த பிறகு, அதே பழைய கேஸை ஆதாரமாகவும் எடுத்துக்கொண்டால் அந்த ஆளுக்கு விசாரணை என்று எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். இது எனக்கு ஆறாத கோபம்.

விதிவிலக்குகள் உண்டு. வீட்டில் தீ தானாகப் பிடித்தது என்று சொல்லி இன்சூரன்ஸ் கேட்பவர், முன்பு குடியிருந்த வீடுகளும் இன்சூரன்ஸ் எடுத்த பிறகு ஒவ்வொன்றாக எரிந்து அவருக்குப் பணம் வந்திருந்தால், அதைக் காட்டலாம், ஏனென்றால் அங்கே கேள்வியே விபத்தா வேண்டுமென்றே செய்ததா என்பதுதான்.

இன்னொன்று, பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது. "தங்கமான பையன்" என்று சொல்ல ஏரியா பெரியவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், அதற்குப் பதிலாக அரசுத் தரப்பு பழைய தண்டனையைக் கொண்டுவரலாம். வக்கீலைக் கேட்காமல் யாரையும் இப்படி அழைத்து வராதீர்கள்.

ஜாமீனில் கதை வேறு, அங்கே பழைய வழக்குகளைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். குண்டர் சட்டத்தில் அவற்றைக் காட்டி, விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைக்கலாம். அதனால் எந்த வழக்கையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள், விடுதலையான வழக்கு இருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். முடிந்துபோன வழக்குகளையும் நிலுவையில் இருப்பதாகக் காட்டிய ஜாமீன் எதிர்ப்பு மனுக்களை நான் பார்த்திருக்கிறேன்.