கேத்தல் அடியில் படியும் வெள்ளை

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன தவணை விடைத்தாள்களில் ஒரே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. இரும்பின் அணுவெண் 26, அதாவது அதன் அணுக்கருவில் 26 புரோத்தன். இயற்கையில் கூடுதலாக உள்ள இரும்பின் திணிவெண், அதாவது புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்த எண்ணிக்கை, என்ன என்று கேட்டிருந்தேன். பலர் 52 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 56.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். காபன் 6–6, நைதரசன் 7–7, ஒட்சிசன் 8–8 என்று காட்டித்தான் நாங்கள் பாடத்தைத் தொடங்குகிறோம். புரோத்தனும் நியூத்திரனும் எப்போதும் சமம் என்று அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த வகுப்புக்கு ஆசிரியர் அறைக் கேத்தலைக் கொண்டுபோனேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டிக் கடதாசியில் கொட்டினேன். பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. கல்சியம் 20–20, காபன் 6–6, ஒட்சிசன் 8–8. மூன்றிலும் இயற்கையில் மிகக் கூடுதலாக இருப்பது சமமான கருதான்.

"சேர், இது கதிர் வீசாதோ?" என்றாள் ஒரு பிள்ளை. போர்க்காலச் செல் சத்தத்துக்குள் வளர்ந்த தாய் தகப்பனின் பிள்ளைகள் இவர்கள்; அணு என்றாலே குண்டுதான் நினைவுக்கு வரும். இந்த மூன்று கருக்களும் நிலையானவை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

ஆனால் கல்சியம்-40தான் எல்லை. அதைவிடப் பாரமான, சமமான கரு எதுவும் நிலைத்து நிற்பதில்லை. புரோத்தன்களும் நியூத்திரன்களும் தனித்தனிச் சக்திப் படிகளில் நிரம்புகின்றன. இரண்டும் ஒரே உயரத்துக்கு நிரம்பினால் மொத்தச் சக்தி குறைவு. அதனால் சிறிய கருக்கள் சமத்தை விரும்புகின்றன. புரோத்தன் கூடக் கூட அவை ஒன்றையொன்று தள்ளும் விசை பெருகுகிறது. அதைத் தாங்க நியூத்திரன் மிகுதியாக வேண்டும். இரும்புக்கு 30 வந்தது அப்படித்தான். 28–28 ஆன நிக்கல்-56 இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் நேரம், ஏறக்குறைய 6 நாள். 50–50 ஆன வெள்ளீயம்-100 இற்கு ஒரு செக்கனை ஒட்டிய நேரம்தான்.

அந்த வெள்ளீயத்தை 1994 இல் ஜேர்மனியிலும் பிரான்சிலும் இரண்டு ஆய்வுகூடங்கள் முதலில் கண்டன. பாரமான கருக்களை வேகமாக்கி இலக்கில் மோதவிட்டு, சிதறும் துண்டுகளில் தேடினார்கள். கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இவ்வளவு பாடு எதற்கு? சமமான கருவில் இரு வகைத் துணிக்கைகளும் ஒரே ஒழுக்குகளில், அதாவது ஒரே மாதிரியான சக்திப் படிகளில், இருக்கின்றன. ஒரு புரோத்தன் ஒரு நியூத்திரனோடு சோடி சேருமா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கருவின் வடிவத்தை ஏ9 வீதியோரம் வத்தகப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான் அறிகிறார்கள். கருவுக்குச் சக்தி கொடுத்து, அது விடும் காமாக் கதிரை அளப்பார்கள். பந்துபோன்ற கல்சியம்-40 ஐ அருட்ட, அதாவது அடுத்த சக்திப் படிக்கு ஏற்ற, 3 மில்லியன் இலத்திரன்வோல்ற்றுக்கு (கருச் சக்தியை அளக்கும் அலகு) மேல் வேண்டும். 40–40 ஆன சேர்க்கோனியம்-80 இற்கு 0.29 போதும், நீண்ட வடிவம் என்பதால் இலேசாகச் சுழலத் தொடங்கிவிடும்.

படிப்பிக்கும் நண்பர்களே, ஒட்சிசனோடு உதாரணத்தை நிறுத்தாதீர்கள். அதே பலகையில் இரும்பையும் எழுதுங்கள்: 26, 30.