பைளத்துல் கப்பான்: ஒரு தராசுச் சொல்லும் ட்ரூஸ் அரசியலும்

லெபனான் அரசியலைப் பற்றிய அரபுச் செய்திகளில், இஸ்லாத்திலிருந்து கிளைத்த சிறுபான்மைச் சமயப் பிரிவான ட்ரூஸ் சமூகத்தின் முதன்மைத் தலைவரான வலீத் ஜும்பிளாத்தின் பெயரை ஒட்டிப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் தொடர் ‘பைளத்துல் கப்பான்’ என்பதாகும். பைளா என்றால் முட்டை. கப்பான் என்றால் கனத்த சரக்கை நிறுக்கும் கோல்தராசு. ஆகவே ‘கோல்தராசின் முட்டை’ என்பது இதன் நேர்ப்பொருள். இரண்டு பெரிய அணிகள் ஏறத்தாழச் சம பலத்தில் நிற்கையில், தான் சேரும் பக்கத்துக்கு ஆட்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற சிறிய கட்சியையோ தனி மனிதரையோ இத்தொடர் குறிக்கிறது. தமிழில் இத்தகைய இடங்களில் ‘கிங் மேக்கர்’ என்று எழுதியே பழகிவிட்டோம். அந்தச் சொல் இங்கே போதாது என்பதையும், அரபுத் தொடரில் இருக்கிற எந்தக் கருத்து அதில் இல்லை என்பதையும் காட்டி, பொருத்தமான தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடுவதே இவ்விளக்கத்தின் நோக்கம்.

முதலில் எழுத்துக்கூட்டல். பைளா என்பதில் வரும் மெய், ரமளான், பர்ளு போன்ற சொற்களில் வரும் அதே அரபு எழுத்து. தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக அதனை ளகரமாகவே எழுதி வருவதால் இங்கும் அம்மரபே பின்பற்றப்படுகிறது. கப்பானின் முதல் எழுத்தாகிய ‘காஃப்’ இன்னொரு வகையில் சுவையானது. பெய்ரூத் நகரத்துப் பேச்சில் அவ்வெழுத்து தொண்டையடைப்பாகத் தேய்ந்து ‘அப்பான்’ என்பதுபோலக் காதில் விழும். ட்ரூஸ் மலை ஊர்களின் பேச்சிலோ அது தேயாமல் அழுத்தமாக ஒலிக்கும். ஒருவர் ட்ரூஸ் ஊரினர் என்பதை லெபனானில் பெரும்பாலும் இந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

கப்பான் அரபு மண்ணில் பிறந்த சொல் அன்று. பாரசீகத்தின் ‘கபான்’ அரபு வடிவம் பெற்று வந்ததென்று அரபு அகராதியாளர்கள் குறிப்பர். அதற்கும் பின்னே சென்று, கோல்தராசைக் குறித்த ‘கம்பானா’ என்னும் இலத்தீன் சொல்லோடும், அதன் வழியே இத்தாலியின் கம்பானியா நிலப்பகுதியோடும் இதனைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. உதுமானியர் காலத்தில் இச்சொல், சரக்கு நிறுத்து வரி வாங்கும் களத்துக்கும் பெயராயிற்று. இஸ்தான்புல் நகரத்தின் ‘உன்கபானி’ என்ற பகுதிப் பெயருக்கு மாவு நிறுக்கும் களம் என்பதே பொருள். சரக்கோடும் வணிகரோடும் கடல் கடந்து திரிந்த சொற்களுள் இதுவும் ஒன்று.

கருவியின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சொல்லின் பொருள் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கோலை நடுவில் பிடித்துத் தூக்காமல், ஒரு முனைக்கு அருகே கொக்கியிட்டுத் தொங்கவிடுவார்கள். குட்டையான கையில் மூட்டை மாட்டப்படும். அளவுக் கீறல்கள் வெட்டிய நீண்ட கையில் சிறிய உலோகக் குண்டு ஒன்று தொங்கும். நிறுப்பவர் அக்குண்டைக் கீறல் கீறலாக வெளிப்பக்கம் நகர்த்துவார். கோல் கிடைமட்டத்துக்கு வந்ததும் குண்டு நிற்கும் கீறலைப் பார்த்து எடை சொல்வார். சில கிலோ மட்டுமே உள்ள குண்டு நூறு கிலோ மூட்டைக்கு ஈடு நிற்பது, தொங்கும் புள்ளியிலிருந்து அது நகர்ந்து நிற்கும் தொலைவினால். வடிவத்தை வைத்து அதனை முட்டை என்றார்கள். ‘ரும்மானா’, அதாவது மாதுளங்கனி என்ற பெயரும் அதற்கு உண்டு. நம் ஊர் மண்டிகளில் முன்பு இருந்த மேடைத் தராசின் மேல்தண்டில் ஓடிய இரும்புக் குண்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எனவே இத்தொடரில் இரண்டு கூறுகள் உள்ளன. குண்டு சிறியது என்பது ஒன்று. அது நகரக்கூடியது என்பது மற்றொன்று. நகர முடியாதபடி ஒரே கீறலில் அறைந்துவிட்டால் அது தராசுக் குண்டாக இருக்க முடியாது. கூட்டணி மாறுவதை ஜும்பிளாத்தின் தனிப்பட்ட குணக்கேடாக மட்டும் எழுதுவோர் இந்த இரண்டாவது கூறைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பது என் கருத்து.

லெபனான் நாடாளுமன்றத்தில் இடங்கள் 128. 1989 தாயிஃப் உடன்படிக்கைக்குப் பின் அவை கிறித்தவர்களுக்கும் முஸ்லிம் பிரிவுகளுக்கும் பாதிப் பாதியாக வகுக்கப்பட்டன. அதில் ட்ரூஸ் சமூகத்துக்கு உரியவை 8 மட்டுமே. குடியரசுத் தலைவர் மாரோனியக் கிறித்தவராகவும், பிரதமர் சுன்னியாகவும், அவைத்தலைவர் ஷியாவாகவும் இருப்பதே அங்கு மரபு. ட்ரூஸ் தலைவர் ஒருவர் எவ்வளவு ஆற்றல் படைத்தவராயினும் அம்மூன்று நாற்காலிகளில் ஒன்றிலும் அமர முடியாது. மூட்டையாக ஆக முடியாதவருக்கு மிஞ்சுவது குண்டாக இருப்பதுதான். நவீன லெபனான் அமைவதற்கு முன்பு லெபனான் மலையை ஆண்டவர்களிடையே முதலிடத்தில் இருந்த ஒரு சமூகம் இந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான், ஜும்பிளாத் குடும்பத்தின் இருப்பிடமான முக்தாரா மாளிகையிலிருந்து எடுக்கப்படும் முடிவுகளில் உள்ள பதற்றம் புரியும்.

இந்தப் பாத்திரம் வலீதின் தந்தை காலத்திலேயே தொடங்கிவிட்டது. முற்போக்கு சோசலிசக் கட்சியை 1949இல் நிறுவிய கமால் ஜும்பிளாத், 1952இல் குடியரசுத் தலைவர் பிஷாரா அல்-கூரி பதவி விலகவும் கமீல் ஷம்ஊன் குடியரசுத் தலைவராகவும் துணை நின்றார். 1958இல் அதே ஷம்ஊனுக்கு எதிராக ஆயுதமேந்தினார். 1970ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் சுலைமான் ஃபிரான்ஜியா 50க்கு 49 என்று ஒரே வாக்கு வேறுபாட்டில் வென்றபோது, கமால் தம் அணியின் வாக்குகளைப் பிரித்தளித்ததே அதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1977 மார்ச் 16 அன்று ட்ரூஸ் மக்கள் மிகுந்த ஷூஃப் மலைப் பாதையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பழி சிரியாவின் மீது விழுந்தது. நாற்பதாம் நாள் துக்கம் முடிந்ததும் மகன் வலீத் டமாஸ்கஸ் சென்று சிரியக் குடியரசுத் தலைவர் ஹாஃபிஸ் அல்-அசதின் கையைக் குலுக்கினார். அவருடைய பின்னாளைய திருப்பங்கள் எல்லாவற்றையும் விட எனக்குக் கனமாகத் தெரிவது இந்த முதல் பயணம்தான். தந்தையைக் கொன்றதாகத் தாம் நம்பிய அரசோடு, தம் மக்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக, இருபத்தேழு வயதில் உடன்பட்டுப் போன ஒருவரின் அரசியலைச் சந்தர்ப்பவாதம் என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட முடியாது.

இத்தொடருக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 2009 முதல் 2011 வரையிலான காலம். 2005 பிப்ரவரி 14 அன்று முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்ட பின், சிரியப் படை வெளியேற வேண்டும் என்று எழுந்த ‘மார்ச் 14’ அணியின் உரத்த குரலாக ஜும்பிளாத் இருந்தார். ஹாஃபிஸின் மகனும் அப்போதைய சிரியக் குடியரசுத் தலைவருமான பஷ்ஷார் அல்-அசதை அவர் மேடைகளில் ஏசியதைப்போல வேறெந்த லெபனான் தலைவரும் ஏசியதில்லை என்றே சொல்லலாம். 2009 ஜூன் தேர்தலில் அவ்வணி 71 இடங்களும், ஹிஸ்புல்லா சார்ந்த எதிரணி 57 இடங்களும் பெற்றன. அந்த 71 பேரில் ஜும்பிளாத்தின் நாடாளுமன்றக் குழுவில் இருந்தவர்கள் 11 பேர். தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 2 அன்று, மார்ச் 14 அணியோடு தாம் சேர்ந்திருந்தது அன்றைய தேவையின் கட்டாயத்தால்தான் என்றும், அது தொடர முடியாது என்றும் தம் கட்சிக் கூட்டத்தில் அறிவித்தார். 2010 மார்ச்சில், அசதைப் பற்றிப் பேசியவற்றுக்குத் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்துவிட்டு, அம்மாத இறுதியில் டமாஸ்கஸ் சென்று அவரைச் சந்தித்தார். 2011 ஜனவரியில் ரஃபீக்கின் மகன் சாத் ஹரீரியின் அரசு கவிழ்ந்து, அடுத்த பிரதமர் யார் என்று உறுப்பினர்களிடம் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, ஜும்பிளாத்தும் அவருடைய குழுவில் ஒரு பகுதியினரும் நஜீப் மிகாத்தியின் பெயரைச் சொன்னார்கள். மிகாத்திக்கு 68, ஹரீரிக்கு 60. ஒரு கைப்பிடி உறுப்பினர்கள் சில கீறல்கள் நகர்ந்தார்கள். கோல் மறுபக்கம் சாய்ந்தது.

அந்த நகர்வுக்கான காரணம் வாக்குக் கணக்கில் மட்டும் இல்லை. 2008 மே 5 அன்று ஹிஸ்புல்லாவின் தனித் தொலைத்தொடர்பு வலையைச் சட்டவிரோதம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது; அதனை முன்னின்று வலியுறுத்தியவர்களுள் ஜும்பிளாத் முதன்மையானவர். நான்கே நாளில் மேற்கு பெய்ரூத் ஹிஸ்புல்லா அணியின் கைக்குப் போயிற்று. சண்டை பெய்ரூத்தை அடுத்த ஷுவைஃபாத்துக்கும் மலை ஊர்களுக்கும் பரவியது. தம் சமூகத்துக்குள்ளேயே போட்டித் தலைவரான தலால் அர்ஸ்லானிடம் சமரசப் பொறுப்பை ஒப்படைத்து, ஊர்களை இராணுவம் ஏற்கட்டும் என்று ஜும்பிளாத் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. துப்பாக்கி எடையாக வைக்கப்படும் தராசில் தம் குண்டு எந்தக் கீறலில் நின்றாலும் பயனில்லை என்பதை அந்த வாரம் அவருக்குக் காட்டியது. 2009 ஆகஸ்ட் அறிவிப்பை 2008 மே மாதத்திலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது.

இதிலிருந்தே சொல்லின் பயன்பாட்டு எல்லையும் வரையறையாகிறது. பைளத்துல் கப்பான் என்பது வாக்கு எண்ணிக்கை செல்லுபடியாகும் இடத்துக்கு உரிய சொல். 1983-84 மலைப் போரில் சிரியாவின் ஆதரவோடு ஜும்பிளாத்தின் படை லெபனியப் படைகள் என்னும் கிறித்தவப் படையை ஷூஃபிலிருந்து விரட்டியதையும், அப்போது நடந்த படுகொலைகளையும், கிறித்தவர்கள் ஊர் ஊராக வெளியேறியதையும் குறிக்க இத்தொடரைக் கையாள்வது பிழை. பிழை மட்டுமன்று, இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதியும் ஆகும். அங்கே அவர் போரிட்ட ஒரு தரப்பு. அந்தக் காயத்தை ஆற்றும் முயற்சி 2001 ஆகஸ்டில், மாரோனியத் திருச்சபைத் தலைவர் ஸஃபைர் முக்தாராவுக்கே வந்தபோதுதான் வெளிப்படையாகத் தொடங்கியது.

பிற்காலத் திருப்பங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். சிரியாவில் 2011இல் எழுச்சி தொடங்கிய பின் ஜும்பிளாத் மீண்டும் அசதுக்கு எதிர்ப்பக்கம் வந்து, அங்குள்ள ட்ரூஸ் மக்கள் அசதின் படையில் சேர்ந்து போரிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2016இல், ஹிஸ்புல்லாவின் கூட்டாளியான மிஷேல் ஊன் லெபனான் குடியரசுத் தலைவராவதற்கு அவர் ஒப்புக்கொண்டார். 2023இல் கட்சித் தலைமை மகன் தைமூரிடம் போயிற்று. 2024 டிசம்பர் 8 அன்று அசத் ஆட்சி வீழ்ந்தது. இரண்டு வாரத்துக்குள் வலீத் ஜும்பிளாத் டமாஸ்கஸ் சென்று புதிய ஆட்சியாளர் அஹ்மத் அல்-ஷராவைச் சந்தித்தார். 2025 மார்ச்சில், கமால் கொலையில் தொடர்புடையவராகக் கருதப்பட்ட முன்னாள் சிரிய உளவு அதிகாரி இப்ராஹீம் ஹுவைஜாவை அப்புதிய அரசு கைது செய்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த செய்தி அது.

இவ்வாறு மாறுவதற்கு லெபனானில் வேறு பெயர்களும் உண்டு. எதிரிகள் ‘தகல்லுப்’ என்பார்கள். புரளுதல், நிலைமாறுதல் என்று பொருள். ஆதரவாளர்கள் ‘இஆதத்து தமவ்ளுஉ’ என்பார்கள். மீண்டும் இடம் அமைத்துக்கொள்ளுதல் என்று பொருள். முன்னது பழி, பின்னது சமாதானம். பைளத்துல் கப்பான் மட்டுமே இரண்டும் இல்லாமல், அவர் நிற்கும் இடத்தினால் விளையும் பலத்தைக் கூறுகிறது.

இனித் தமிழ் இணை. கிங் மேக்கர் என்பதில் முடிசூட்டும் ஆற்றல் இருக்கிறது. சிறுமையும் இல்லை, நகர்வும் இல்லை. பெரிய கட்சியின் மூத்த தலைவர் ஒருவரும் கிங் மேக்கராக இருக்கக்கூடும். துருப்புச் சீட்டு என்பது இன்னொருவர் கையில் இருப்பது. அது தானாக விழுவதில்லை. ‘தீர்மானிக்கும் சக்தி’ பொருளளவில் அண்மையானது, ஆனால் எதனால் தீர்மானிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. நடுநிலையாளர் என்பதோ முழுத் தவறு. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்’ என்று திருக்குறள் சொல்லும் கோல் ஒரு பக்கமும் சாயாமையைப் பெருமையாகக் கொண்டது. நாம் பேசும் குண்டோ சாய்ப்பதற்காகவே உள்ளது. பச்சோந்தி என்பது வசைச்சொல், கலைச்சொல் ஆகாது.

கருவியின் பெயரைக் கொண்டு அமைக்கலாமா என்றால், தமிழில் தூக்குக்கோல், வெள்ளிக்கோல் என்ற பெயர்கள் இருக்கின்றன. ஆயினும் கேரளத்திலும் குமரிப் பக்கத்திலும் புழங்கிய வெள்ளிக்கோலில் கனம் கோலின் ஒரு முனையிலேயே திரண்டிருக்கும். தூக்கிப் பிடிக்கும் கயிறுதான் கீறலுக்குக் கீறல் நகரும். நகரும் குண்டு என்ற கருத்து அதில் கிடைக்காது. ஆகவே துலாக்கோலில் ஓடும் குண்டு என்ற பொருளில் ‘கோற்குண்டு’ என்று அமைப்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். கோல் என்பது நிறுக்கும் கோலுக்கும் ஆட்சிக் கோலுக்கும் பொதுவான சொல்லாதலால், அரபில் இல்லாத ஒரு பொருத்தமும் இதில் கூடிவருகிறது. முட்டை என்று நேராகப் பெயர்த்தால், தமிழில் அது சுழியத்தையும் தோல்வியையும் நினைவூட்டிவிடும்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே அணியில் நிலையாக நின்று, தன் இடங்களால் அவ்வணியை வெல்லச் செய்யும் கட்சி எவ்வளவு இன்றியமையாததாயினும் கோற்குண்டு ஆகாது. அதனைப் பங்காளிக் கட்சி என்றே எழுத வேண்டும். ‘மார்ச் 14 அணியின் பங்காளியாக 2009 தேர்தலைச் சந்தித்த ஜும்பிளாத், 2011 ஜனவரியில் கோற்குண்டாகி மிகாத்தியை ஆட்சியில் அமர்த்தினார்’ என்பது சரியான வழக்கு.