மூன்று நாளில் ஒரு பையனை எடை போடுவது எப்படி?

2001 ஜூலை. நியூ ஜெர்சி மாநிலம் டீனெக்கில் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம். சான்னி வக்காரோ ஆண்டுதோறும் நடத்திவந்த ஏபிசிடி கூடைப்பந்து முகாம். அமெரிக்காவின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் கோடை விடுமுறையில் அங்கே கூடுவார்கள். அவர்களைப் பார்க்கக் கல்லூரிக் கோச்சுகளும், திறமையுள்ள பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஸ்கவுட்டுகளும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார்கள். அந்த வருடம் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் லென்னி குக். அவர் அணிக்கு எதிரணியில் ஒஹாயோவின் ஆக்ரன் ஊரிலிருந்து வந்த லெப்ரான் ஜேம்ஸ். ஆட்டம் முடியும் நொடியில் லெப்ரான் ஓடியபடியே எறிந்த த்ரீ பாயிண்டர், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்து, வளையத்துக்குள் விழுந்தது. 85-83. லெப்ரான் எடுத்தது 24 புள்ளி, குக் எடுத்தது 9. என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக், அதன் அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அடுத்த ஆண்டு அந்த டிராஃப்டில் குக்கை எந்த அணியும் எடுக்கவில்லை. 2003இல் லெப்ரான் முதல் ஆளாகத் தேர்வானார், பின்னாளில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார்.

இரண்டு பேருடைய தலையெழுத்தும் அந்த ஒரு எறிதலில் மாறிவிட்டது என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தாலும் லெப்ரான் லெப்ரானாகத்தான் வந்திருப்பார். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு ஸ்கோர் பலகையைவிட அதிகம் சொல்லியிருக்கக்கூடிய ஒரு தகவல் உண்டு. குக்குக்கு அப்போது வயது 19, லெப்ரானுக்கு 16.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். சரி, ஆனால் முகாமில் நிற்கும் முளைகள் எல்லாம் ஒரே நாளில் விதைத்தவை அல்ல. ஆண் பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது சராசரியாக 14 வயதை ஒட்டி. அந்த உச்சத்தில் ஒரே ஆண்டில் 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். ஆனால் அது சராசரி மட்டுமே. சிலருக்கு இந்த வேகம் 12 வயதிலேயே வந்துவிடும், சிலருக்கு 16 வரை தள்ளிப்போகும். முன்னதாக வளர்ந்துவிட்டவன் பதினைந்து வயதிலேயே தோளும் தொடையும் திரண்ட ஆளாக நிற்பான். அவனைவிட மெலிந்த பையன்களை உடம்பாலேயே இடித்துத் தள்ளிப் புள்ளி எடுப்பான். மூன்று வருடம் கழித்து எல்லோருக்கும் அதே உடம்பு வந்தபிறகு அவனிடம் மிஞ்சுவது என்ன என்பதைத்தான் ஸ்கவுட் இப்போதே கண்டுபிடித்தாக வேண்டும்.

இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும். முகாமில் யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை. அதனால் அனுபவமுள்ள கண்கள் வேறு தடயங்களைத் தேடுகின்றன. வளர்ச்சி உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பாதம் முந்திக்கொள்ளும், பிறகு கால்கள், கடைசியில்தான் முண்டம். ஆகவே பெரிய ஷூ போட்டுக்கொண்டு, நீண்ட கால்களோடு, குறுகிய உடம்போடு ஒரு பையன் கொஞ்சம் தடுமாறி ஓடினால் அவனுக்கு இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கலாம். அப்புறம் அப்பா அம்மா உயரம். அதனால்தான் கோச்சுகளின் பார்வை நடுவே நடுவே பார்வையாளர் வரிசைக்கும் போகிறது.

இதற்கு அந்தோணி டேவிஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிகாகோவில் ஒரு சிறிய பள்ளியில் கார்டு இடத்தில், அதாவது பந்தை நடத்திச் செல்லும் வெளி ஆட்டக்காரராக, ஆடிக்கொண்டிருந்தவர். பந்தைத் தட்டிச் செல்வது, வெளியே நின்று எறிவது, பாஸ் கொடுப்பது என்று குட்டையான ஆள் கற்றுக்கொள்ளும் வேலைகளையெல்லாம் கற்றுக்கொண்டார். பிறகு சுமார் ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ 8 அங்குலம் வளர்ந்தார். கார்டின் கை வித்தை அப்படியே இருக்க, உடம்பு மட்டும் 6 அடி 10 அங்குலமாகிவிட்டது. அதுவரை கிட்டத்தட்ட யாருமே கவனிக்காத பையன், 2010இல் கோடைக்காலப் போட்டிகளில் ஆடத் தொடங்கிய சில மாதங்களில் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரானார். 2012 டிராஃப்டில் முதல் தேர்வு அவர்தான்.

முகாமின் முதல் நாள் காலையில் அளவெடுப்பார்கள். ஒருமுறை அளந்தாலே போதும் என்று நம்பக்கூடிய விஷயம் உடம்பு ஒன்றுதான். அதிலும் பட்டியலில் அச்சடித்திருக்கும் உயரத்தை நம்ப முடியாது, ஷூவோடு சேர்த்து அளந்து மேலே ஓர் அங்குலம் கூட்டிப் போடுவது பழைய வழக்கம். என்பிஏவே 2019இல்தான் ஷூ இல்லாமல் அளந்த உயரத்தைத் தரவேண்டும் என்று அணிகளுக்குக் கட்டளையிட்டது. உயரத்தைவிட ஸ்கவுட்டுகள் ஆவலோடு கேட்பது கை நீளம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை எவ்வளவு? சாதாரண மனிதர்களுக்கு அது ஏறக்குறைய அவரவர் உயரமே. என்பிஏ ஆட்டக்காரர்களுக்கோ சராசரியாக உயரத்தைவிட 6 சதவீதம் அளவுக்கு அதிகம். ஆஜானுபாகு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு நேர்ப் பொருள் முழங்கால் தொடும் கை உடையவன். கூடைப்பந்து ஸ்கவுட் தேடுவதும் அந்தக் கையைத்தான். என்பிஏ ஆட்டக்காரர் கவாய் லெனார்டின் உயரம் 6 அடி 7 அங்குலம், விரித்த கை 7 அடி 3 அங்குலம். எதிராளி தன் பாஸ் பத்திரமாகப் போகும் என்று நினைக்கும் இடத்துக்கு அவர் விரல்கள் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். 2015லும் 2016லும் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

பலத்தை அளப்பது அவ்வளவு உதவாது. 2007இல் என்பிஏ நடத்திய உடற்தகுதிச் சோதனையில் கெவின் டுரான்டால் 185 பவுண்டு எடையை ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. அந்த ஆண்டு இரண்டாவது ஆளாகத் தேர்வான அவர் பிற்பாடு லீகின் மிகச் சிறந்த புள்ளி எடுப்பவர்களில் ஒருவரானார். தசையைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். கையை நீட்டிக்கொள்ள முடியாது.

இனி, எல்லோரையும் ஏமாற்றும் விஷயத்துக்கு வருவோம். எறிதல். மூன்று நாள் முகாமில் ஒரு பையன் ஐந்தாறு ஆட்டம் ஆடுவான். ஆட்டத்துக்கு மூன்று நான்கு என்று வைத்தால், மொத்தம் 20 த்ரீ பாயிண்டர் எறிவான். முகாமில் 100 பேர் இருக்கிறார்கள், நூறு பேரின் உண்மையான திறமையும் ஒன்றேதான், ஒவ்வொருவரும் நீண்ட கால அளவில் 35 சதவீதம் போடக்கூடியவர்கள் என்று கற்பனை செய்வோம். நிகழ்தகவுக் கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? அந்த நூறு பேரில் சுமார் 12 பேர் 20க்கு 10 அல்லது அதற்கு மேல் போட்டுவிடுவார்கள். இன்னொரு 12 பேர் 4 அல்லது அதற்கும் கீழே நின்றுவிடுவார்கள். முதல் கூட்டத்தை நாம் அபாரம் என்று எழுதுவோம், இரண்டாம் கூட்டத்தை எறியத் தெரியாதவர்கள் என்று எழுதுவோம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே துளி வித்தியாசம் கிடையாது! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது, இதுவரை ஒரே முகாமின் எண்களால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்து எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது. 35 சதவீத ஆளையும் 40 சதவீத ஆளையும் பிரித்துச் சொல்லப் பல நூறு எறிதல் வேண்டும். எந்த முகாமிலும் அது கிடைக்காது.

அதற்காக எறிதலைப் பார்க்கவே வேண்டாம் என்றில்லை. உள்ளே விழுந்ததா என்பதை விட்டுவிட்டு எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வளையத்தின் விட்டம் 18 அங்குலம், பந்தின் விட்டம் ஏறத்தாழ 9.4 அங்குலம். பந்து நேர் மேலிருந்து விழுந்தால் அதற்குத் தெரிவது முழு 18 அங்குல வாசல். சாய்ந்து வரவர வாசல் ஒடுங்கும். 45 பாகையில் வந்தால் வாசல் 12.7 அங்குலம், 30 பாகையில் 9 அங்குலம்தான், பந்தைவிடச் சிறியது. தட்டையாக எறியும் பையனுக்கு அன்றைக்கு எத்தனை விழுந்தாலும் அவன் எப்போதும் ஒடுங்கிய வாசலில்தான் நுழைந்துகொண்டிருக்கிறான். தவறும் பந்துகளும் பேசும். முன்னும் பின்னும் தவறினால் தூரக் கணிப்பில் சின்னப் பிசகு, பயிற்சியில் சரியாகலாம். இடமும் வலமும் சிதறினால் முழங்கை, மணிக்கட்டு, பாதம் எங்கோ கோணலாக இருக்கிறது. எதிரணி தவறிழைத்தால் கிடைக்கும் இலவச எறிதலான ஃப்ரீ த்ரோவையும் கவனமாகக் குறிப்பார்கள். யாரும் மறிக்காமல், எப்போதும் ஒரே 15 அடித் தூரத்திலிருந்து எறிவது என்பதால் கையின் இயல்பு அதில் கலப்படமில்லாமல் தெரியும். கல்லூரி ஆட்டக்காரர் பின்னாளில் எப்படி த்ரீ பாயிண்டர் போடுவார் என்று கணிக்க ஃப்ரீ த்ரோ சதவீதம் நல்ல துப்பு என்று புள்ளிவிவரக்காரர்கள் பலர் சொல்வதும் இதனால்தான்.

மூன்று நாளுக்குள் நம்பிக்கையாகத் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. பழக்கம். ஓர் ஆட்டத்தில் மூன்று த்ரீ பாயிண்டர் எறியும் அதே பையன், தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓடுவது, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது, பக்கத்தில் நிற்பவனுக்குக் குரல் கொடுப்பது, விழாமல் திரும்பி வரும் பந்தை (ரீபவுண்டு) பிடிக்க உடம்பால் மறித்து நிற்பது என்று பத்துப் பதினைந்து தடவைகள் செய்கிறான், அல்லது செய்யாமல் விடுகிறான். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் அவன் யார் என்று தெரிந்துவிடும். முகாமின் அமைப்பே கோணலானது என்பதால் இது இன்னும் முக்கியம். ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர், ஒவ்வொருவனுக்கும் ஸ்காலர்ஷிப் வேண்டும், அதனால் பாஸ் அபூர்வம். பந்து கார்டு கையிலேயே கிடக்கும். உயரமான பையன் நான்கு தடவை சரியான இடத்துக்கு ஓடி நிற்பான், பந்து வராது. ஐந்தாம் தடவையும் அதே வேகத்தில் ஓடுகிறானா? நல்ல ஸ்கவுட்டின் கண் பந்தை விட்டு அவன் மேலேயே இருக்கும்.

ஆட்டத்தைப் படிக்கும் அறிவையும் இப்படிப் பிடிக்கலாம். பந்து கைக்கு வருமுன்பே தலையைத் திருப்பி யார் எங்கே என்று பார்த்துக்கொள்பவனுக்கும், வாங்கிய பிறகு யோசிப்பவனுக்கும் அரை நொடி வித்தியாசம். அந்த அரை நொடியில் இடைவெளி மூடிவிடும். ரோம் நகரில் சால்வடோரே அக்லியோட்டி குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஃப்ரீ த்ரோ எறியும் காணொளியைப் பாதியில் நிறுத்தி, விழுமா விழாதா என்று கேட்டார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே எறிபவரின் உடல் அசைவை வைத்துச் சொல்லிவிட்டார்கள். வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கோச்சுகளாலும் விளையாட்டு நிருபர்களாலும் அந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பந்து வருமுன்பே நகரத் தொடங்கும் பையன் அதிர்ஷ்டத்தால் நகரவில்லை. அவன் உடம்பு ஏற்கெனவே எதிராளியின் உடம்பைப் படித்துவிட்டது.

பார்ப்பவரின் மூளையும் அளவுகோலின் ஒரு பாகம்தான், அதற்கும் கோணல் உண்டு. 1920இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு நன்றாக இருக்கிறது என்று மதிப்பிட்ட ஆளுக்கே அறிவு, தலைமை, குணம் எல்லாவற்றிலும் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு குணத்தின் ஒளி மற்றதன் மேலெல்லாம் விழுந்துவிடுகிறது. எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் அறையும், அரங்கமே எழுந்து கத்தும் ஒரு டங்க், அதைப் போட்ட பையனின் பாஸையும் டிஃபென்ஸையும் சேர்த்துத் தூக்கிவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் காதில் ஒரு பெயரை முணுமுணுத்தால் அதுவும் நோட்டில் ஏறிவிடும்.

1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வு முறையை மாற்றியமைத்த இளம் உளவியலாளர் டேனியல் கானமன் இதற்கு ஒரு வழி செய்தார். ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு குணத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள், எல்லாம் முடிந்தபிறகு கண்ணை மூடி உங்கள் மனம் சொல்லும் ஓர் எண்ணை எழுதுங்கள் என்றார். தனித்தனி மதிப்பெண்களின் கூட்டல் நன்றாகவே வேலை செய்தது. கடைசியாகக் கண்ணை மூடிப் போட்ட எண்ணும் அதே அளவுக்கு நன்றாக இருந்தது. உள்ளுணர்வு கெட்டதல்ல, வேலையெல்லாம் முடிந்தபிறகு அதைக் கூப்பிட வேண்டும்.

முகாமே வீண் என்று சொல்ல வரவில்லை. 1996இல் அதே ஏபிசிடி முகாமுக்கு ஃப்ளோரிடாவின் ஒரு சின்ன ஊரிலிருந்து, பெரிய பெயர் எதுவும் இல்லாமல் வந்தவர் ட்ரேசி மெக்ரேடி. நாட்டின் முன்னணிப் பட்டியலோடு திரும்பினார், அடுத்த ஆண்டே என்பிஏவில் ஒன்பதாவது தேர்வு. அந்த முகாம் இல்லாவிட்டால் அவரைத் தேடி யார் போயிருப்பார்கள்?

கடைசியாக ஒரு கோடை. வட கரோலினாவின் டேவிட்சன் சிறிய கல்லூரி. அதன் கோச் பாப் மெக்கிலாப், லாஸ் வேகஸில் நடந்த ஒரு போட்டியில் தான் குறிவைத்திருந்த ஒரு மெலிந்த பையனைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். பையனின் அப்பா முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர்தான், ஆனாலும் பெரிய கல்லூரி எதுவும் அவனுக்கு ஸ்காலர்ஷிப் தரவில்லை. அன்று அவன் ஆடியது படுமோசம். பாஸ் பார்வையாளர் பக்கம் போனது, பந்தைக் காலில் தட்டிவிட்டான், எறிந்தது விழவில்லை. ஆனால் நடுவரைக் குறை சொல்லவில்லை, கூட ஆடுபவனைக் கை காட்டவில்லை. வெளியே உட்கார வைத்தபோது அணிக்குக் கை தட்டினான், கோச் பேசும்போது கண்ணைப் பார்த்துக் கேட்டான். மெக்கிலாப் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பையன், பின்னாளில் என்பிஏவின் தலைசிறந்த த்ரீ பாயிண்டர் எறிபவராக ஆன ஸ்டீஃபன் கரி, 2006இல் டேவிட்சனில் சேர்ந்தார். 2008 மார்ச்சில் அந்தச் சிறிய கல்லூரி கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் மூன்றையும் வென்று தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது.