மதராஸ் மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது? 1854-ன் மானிய முறை

கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையவை, வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துடையது என்று இன்று நாம் பார்க்கிற 'அரசு நிதியுதவி பெறும் பள்ளி' ஏற்பாட்டுக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். 1854 ஜூலை 19 தேதியிட்டு லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ஒரு நீண்ட கடிதத்தில் அது தொடங்குகிறது. கம்பெனியை மேற்பார்த்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் சார்லஸ் உட்டின் பெயரால் அதை உட் அறிக்கை என்பார்கள். அதன் மானிய விதிகள் மதராஸ் மாகாணத்தில் எப்படி வேலை செய்தன என்பதுதான் இங்கே விஷயம்.

அதற்கு முன்பும் பள்ளிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பணத்தில் நடந்தது. ஸ்காட்லாந்து திருச்சபை 1837-ல் ஜான் ஆண்டர்சனை வைத்து மதராஸில் தொடங்கிய பள்ளிக்குக் கடல் தாண்டி நன்கொடை வந்தது. இதுவே பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1841-ல் மதராஸ் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு திறந்த உயர்பள்ளிக்குக் கஜானா பணம். மறு ஆண்டு தொடங்கிய பச்சையப்பன் பள்ளிக்கு, 1794-ல் காலமான பச்சையப்ப முதலியாரின் உயில் பணம். அந்தப் பணம் வழக்குமன்றம் ஏறி இறங்கிப் பள்ளியாக மாற ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1813 சாசனச் சட்டம் இந்தியா முழுவதற்குமாகக் கல்விக்கு ஒதுக்கச் சொன்ன தொகையே ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்தான். அந்த வேகத்தில் போனால் மாவட்டத்துக்கு ஒரு பள்ளிகூட எழாது என்று லண்டனுக்கும் தெரிந்திருந்தது.

உட் சொன்ன வழி இது: எல்லாப் பள்ளியையும் அரசே கட்ட வேண்டாம், யார் நடத்தினாலும் சரி, நிபந்தனைக்கு உட்பட்டால் செலவில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். நிபந்தனைகள் அதிகமில்லை. மதம் சாராத பாடங்களை நன்றாகச் சொல்லித்தர வேண்டும். பள்ளிக்குப் பொறுப்பேற்கவும் அது நிலைத்து நிற்கும் என்று உறுதி தரவும் உள்ளூரில் ஒரு நிர்வாகம் வேண்டும். அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உதவி கொடுக்கிறவர் 'ஏழைக்கு இலவசமாகக் கொடு' என்று சொல்வார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே தலைகீழ். எவ்வளவு சொற்பமானாலும் கட்டணம் வாங்குகிற பள்ளிக்குத்தான் மானியம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு மட்டும் விலக்கு. முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிற படிப்பை ஜனங்கள் மதிப்பதில்லை, காசு கட்டினால் பிள்ளை ஒழுங்காக வருவான் என்று அறிக்கை காரணம் சொல்கிறது. இது பாதிக் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1844-லேயே கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று உத்தரவு போட்டிருந்தார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்றால் தகப்பன் நிலத்தை அடகு வைத்தாவது கட்டுவான். கட்டுகிறவன் இருக்கும்போது கஜானா ஏன் முழுச் செலவையும் ஏற்க வேண்டும்? கட்ட முடியாதவன் வாசலுக்கு வெளியே நின்றான்.

பணம் எதற்குக் கொடுக்கப்பட்டது என்பதிலும் கண்டிப்பு உண்டு. பள்ளியின் பொதுச் செலவுக்கு என்று மொத்தமாகத் தரக் கூடாது. தலைமை ஆசிரியர் சம்பளத்தைக் கூட்ட, உதவி ஆசிரியர் வைக்க, மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தர, கட்டடம் கட்ட அல்லது பழுதுபார்க்க, புத்தகம் வாங்க என்று இன்னதற்கு இவ்வளவு எனப் பெயர் சொல்லியே தர வேண்டும். மாகாணங்கள் இதை வெவ்வேறாக நடைமுறைப்படுத்தின. பம்பாயில் தேர்ச்சிக்கு ஏற்பக் கூலி. வட இந்தியாவில் சில வருஷங்களுக்கு நிலையான தொகை. மதராஸில் உயர்நிலைப் பள்ளிக்குச் சம்பள மானியம்: ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும், ஆனால் அவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும். சான்றிதழ் உள்ளவரை வைத்துக்கொள்வது நிர்வாகத்துக்கு லாபம் ஆகிவிட்டது. 1856-ல் வேப்பேரியில் நார்மல் ஸ்கூல் என்ற ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்ததும், அது பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்ததும் இந்தத் தேவையின் பின்னணியில்தான்.

மதராஸின் தொடக்கப் பள்ளிகளுக்கு விதி வேறு. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார்; தேறிய தலைக்கு இவ்வளவு பணம். இங்கிலாந்தில் 1862-ல் கொண்டுவந்த முறையின் வார்ப்பு. திண்ணை வாத்தியாருக்குச் சம்பளம் என்று எதுவும் எழுத்தில் கிடையாது என்பதால் அதுவே வசதியாக இருந்தது.

மேற்பார்வைக்கு ஒவ்வொரு மாகாணத்திலும் பொதுக் கல்வித் துறை அமைந்தது. மதராஸில் 1855-ல் அலெக்சாண்டர் அர்பத்நாட் முதல் இயக்குநர். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வாத்தியார்கள் மனுவோடு ஏறி இறங்கும் இடத்தை 'டி.பி.ஐ.' என்று சொல்லிப் பழகியது அந்தப் பதவியின் ஆங்கிலப் பெயரான 'டைரக்டர் ஆஃப் பப்ளிக் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதன் சுருக்கத்தை வைத்துத்தான்.

மதம்தான் சிக்கலான இடம். இன்ஸ்பெக்டர் பாடங்களைப் பார்க்கலாம்; பைபிள் வகுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. நடுநிலை என்று சொன்னாலும் பலன் யாருக்கு என்பதைச் சொல்வது எளிது. கணக்கு எழுதவும், ஆசிரியரைத் தேடவும், விண்ணப்பம் ஆங்கிலத்தில் போடவும் தயாராக இருந்தவை மிஷன் பள்ளிகள். பைபிள் நேரம் கட்டாயம் என்று தெரிந்தே இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின.

ஏனென்றால் எல்லாக் கண்ணும் மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் மேல். 1857-ல் மதராஸ் பல்கலைக்கழகம் வந்தது. பள்ளியின் கடைசி வகுப்பு அதன் நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பாக மாறியது. பாடத்திட்டத்தை மாகாண அரசு எழுதவே வேண்டியிருக்கவில்லை, தேர்வுத்தாளே எழுதியது. கும்பகோணத்தில் 1854-ல் அரசு தொடங்கிய மாகாணப் பள்ளி 1867-ல் கல்லூரியானதும் இந்த ஓட்டத்தில்தான்.

அரசுப் பள்ளிகள் வளர வளர மிஷன்கள் புகார் சொல்லத் தொடங்கின: உட் அறிக்கைப்படி அரசு தனியாருக்கு உதவி செய்து ஒதுங்க வேண்டும், போட்டிக்கு நிற்கக் கூடாது. 1878-ல் லண்டனில் இதற்கென்றே ஒரு கல்விக் குழு கூடியது. வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882-ல் இந்தியக் கல்வியை ஆராய ஹண்டர் ஆணையத்தை அமைத்தார். கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும் அதில் உறுப்பினர். உயர்நிலைக் கல்வியை மானியத்தின் வழியே தனியார் கையில் விட்டு அரசு மெல்ல விலகலாம், மாவட்டத்துக்கு ஒரு முன்மாதிரி அரசுப் பள்ளி போதும் என்றது ஆணையம். உதவி பெறும் பள்ளிகள் பக்கத்து அரசுப் பள்ளியைவிடக் குறைவாகக் கட்டணம் வாங்கிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தது. பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கென்று வணிகமும் தொழிலும் சார்ந்த தனிப் பிரிவு ஒன்றையும் பரிந்துரைத்தது. அதில் சேர ஆள் கிடைப்பது கடினமாகவே இருந்தது. கச்சேரி வேலைக்குக் கேட்ட சீட்டு மெட்ரிகுலேஷன்.