பாக்டீரிமியா: குருதியோட்டத் தொற்று

பாக்டீரிமியா என்பது கிரேக்கத்தில் வேர்கொண்ட மருத்துவச் சொல். ‘பாக்டீரியான்’ என்றால் சிறு கோல். ‘ஹைமா’ என்றால் குருதி. ஆனால், ஆஸ்திரேலிய அரசு மருத்துவமனைகள் இப்பெயரின்கீழ் ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி கோல் வடிவினதன்று, உருண்டையானது. அது திராட்சைக் கொத்தைப்போலத் திரண்டிருக்கக் கண்டு, 1880களில் ஸ்டஃபிலோகாக்கஸ் எனப் பெயரிட்டவர் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். ‘ஆரியஸ்’ என்பது பொன்னிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

தமிழில் இதனை ‘இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது’ என்று சொல்லிவிடுவது பொருந்தாது. தொற்றை எதிர்க்கும் முயற்சியில் உடல் தன் உறுப்புகளையே சிதைத்துக்கொள்ளும் நிலை செப்சிஸ் எனப்படும். பாக்டீரிமியாவோ குருதியில் பாக்டீரியா இருப்பதை மட்டுமே உணர்த்துகிறது. முன்னது பின்னதன் விளைவாக வரலாம், வராமலும் போகலாம். எனவே, மருத்துவமனைக் கணக்குகளைப் பற்றி எழுதுகையில் ‘குருதியோட்டத் தொற்று’ என்பதே ஏற்றது என்பேன்.

அக்கணக்குகளில் இதன் முன்னால் வரும் ‘மருத்துவப் பராமரிப்பு சார்ந்த’ என்ற அடைமொழிதான் கூர்ந்து நோக்கத்தக்கது. பலருடைய மூக்கிலும் தோலிலும் தீங்கின்றி வாழும் இக்கிருமி, புறங்கையில் மருந்தேற்றச் செருகிய சிறுகுழாயின் வழியாகவே குருதிக்குள் நுழைந்துவிடக்கூடும். நோயாளி சேர்க்கப்பட்டு 48 மணி நேரம் கடந்தபின் எடுத்த குருதி மாதிரியில் கிருமி வளர்ந்தால், அத்தொற்று மருத்துவமனையின் கணக்கில் சேரும். வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரிக்கும் அவ்வாறே. சேர்க்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள்ளேயே கண்டறியப்பட்டாலும், குழாய் போன்ற கருவியோ அண்மையில் நடந்த அறுவையோ காரணமென்றால் அதுவும் சேரும். நோயாளி வெளியிலிருந்து கொண்டுவந்த தொற்று சேராது.

இக்கணக்குகளில் வரும் தொற்று வீதம் என்ற சொல்லிலும் கவனம் தேவை. இங்கே அது நூற்றுக்கு இத்தனை பேர் என்ற சதவீதமன்று. பத்தாயிரம் நோயாளி நாள்களுக்கு இத்தனை தொற்று என்பதாகும். ஒரு நோயாளி மருத்துவமனையில் தங்கும் ஒரு நாளே ஒரு நோயாளி நாள். நாள்தோறும் 400 பேர் தங்கும் மருத்துவமனையில் 25 நாள்களில் அந்தப் பத்தாயிரம் நிறைந்துவிடும். ஆஸ்திரேலியா தன் அரசு மருத்துவமனைகளுக்கு வகுத்த உச்ச வரம்பு முன்பு 2 ஆக இருந்தது. 2020 ஜூலை முதல் அது 1 ஆகக் குறைக்கப்பட்டது. செய்தி எழுதுவோர் இதனை ‘ஒரு சதவீதம்’ என்று சுருக்கினால் தொற்றின் அளவு பல மடங்கு பெருகித் தோன்றும். நீளமானாலும் ‘பத்தாயிரம் நோயாளி நாள்களுக்கு ஒன்று’ என்றே எழுத வேண்டும்.