45 நாளில் பணம் வர, பில்லில் என்ன இருக்க வேண்டும்?

வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் லேத் பட்டறைகளை முடக்குவது ஆர்டர் இல்லாத குறை மட்டுமல்ல. முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராததும்தான். சனிக்கிழமைக் கூலியைத் தள்ளிப்போட முடியாது, பெரிய கம்பெனியின் செக்கோ மூன்று மாதம் தள்ளிப்போகும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், எழுத்தில் கெடு பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், பேசாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம். பி.ஓ.வில் (ஆர்டர் கடிதத்தில்) 90 நாள் என்று போட்டிருந்தாலும் 45தான் கணக்கு. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். பேங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2 லட்ச ரூபாய் பில்லுக்கு ஆறு மாத வட்டி சுமார் 18,690 ரூபாய்.

பலர் கோட்டைவிடுவது உத்யம் பதிவில், அதாவது சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவில். பிரவுசிங் சென்டரில் அவசரமாகப் பதியும்போது 'உற்பத்தி'க்குப் பதில் 'வணிகம்' என்று விழுந்துவிடும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் எண் வங்கிக் கடனுக்குத்தான் உதவும், இந்த 45 நாள் உரிமை கிடைக்காது. சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள், தவறிருந்தால் தளத்திலேயே திருத்தலாம். பதிவுக்கும் திருத்தத்துக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. சரக்கு கொடுத்த பிறகு பதிந்தால் பழைய பில்லுக்கு வழக்காடுவது கடினம். அதனால் முதல் ஆர்டருக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

அடுத்தது டெலிவரி சலான். கேட்டில் செக்யூரிட்டி கிறுக்கும் கையெழுத்து போதாது. ஸ்டோர்ஸ் முத்திரையும் தேதியும் வேண்டும், நாள் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். சரக்கில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லாக 'ரிஜக்ட்' என்றால் உடனே மெயிலில் கேட்டு வாங்கிவையுங்கள். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்ததிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியவில்லை. மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார்.

அப்படியும் வராவிட்டால், இந்தப் பாக்கி வழக்குகளைத் தீர்க்க அதே சட்டப்படி மாநில அரசு அமைத்த வசதியாக்கக் குழுவிடம் இணையத்திலேயே மனுப்போடலாம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும்.

புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. குழு 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கிறது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் பட்டறைக்காரர் அதுவரை தாங்க மாட்டார். அரசு புதிய கடன் திட்டம் அறிவிப்பதற்கு முன் இந்தக் குழுக்களுக்கு ஆள் போட்டு, 90 நாளை 90 நாளாக ஆக்க வேண்டும்.