ஸ்கேனர் வந்த பிறகும் மூடப்படாத பதிவேடு

உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் என்னை அழைத்திருந்தார். "இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருப்புக் கணக்கு மென்பொருளும் ஸ்கேனர்களும் வாங்கினோம். ஒரு பயனும் தெரியவில்லை. அடுத்து எதை வாங்கலாம்?" என்று கேட்டார். தொழில் ஆலோசகராக இருக்கும் எனக்கு இது பழகிய கேள்வி. புத்தாக்கம் என்றாலே எதையாவது வாங்குவது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது.

பதில் சொல்வதற்கு முன், மூன்று நாட்கள் அவர்களுடைய கிடங்கில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். சரக்குப் பெட்டி உள்ளே வருகிறது. கிடங்குப் பொறுப்பாளர் அதன் பார்கோடில் ஸ்கேனரைக் காட்டுகிறார். திரையில் எண்ணிக்கை ஏறுகிறது. வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவரோ மேசை இழுப்பறையிலிருந்து நீளமான பதிவேடு ஒன்றை எடுத்து, அதே விவரத்தைக் கையால் எழுதினார். பிறகு கார்பன் தாள் வைத்து மூன்று படிகளில் ஒரு சீட்டு. அதில் கொள்முதல் மேலாளர் கையெழுத்திட வேண்டும். மேலாளர் கூட்டத்தில் இருந்தால், அவர் வரும்வரை பெட்டி வாசலருகே கிடக்கும்.

"ஏன் இரண்டு முறை பதிகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கணினியில் இருப்பதை மேலே யாரும் பார்ப்பதில்லை சார். எது கேட்டாலும் பதிவேட்டைத்தான் கொண்டுவரச் சொல்கிறார்கள்" என்றார்.

ஸ்கேனர் பழைய வேலை எதையும் குறைக்கவில்லை. இருந்த வேலைகளோடு இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்காக அந்த உரிமையாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் வந்தபோது தொழிற்சாலைகளும் இப்படித்தான் நடந்துகொண்டன. நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் 1882-ல் இயங்கத் தொடங்கியது. 1900 வாக்கிலும், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டிய விசையில் மின் மோட்டாரின் பங்கு 5 சதவீதத்தை எட்டவில்லை. உற்பத்தித்திறன் துள்ளி உயர்ந்தது 1920-களில்தான்.

நீராவிக் காலத்துத் தொழிற்சாலையை மனத்தில் நிறுத்திப் பார்த்தால் காரணம் விளங்கும். கீழே ஒரே ஒரு பெரிய எஞ்சின். அது சுழற்றும் இரும்புத் தண்டு, கூரையை ஒட்டிக் கட்டடத்தின் நீளத்துக்கும் ஓடும். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். ஒரே ஒரு இயந்திரம் ஓட வேண்டுமென்றாலும் தண்டு முழுவதும் சுழன்றாக வேண்டும். எந்த இயந்திரம் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானித்ததும் அந்தத் தண்டுதான். வேலையின் வரிசைக்கு அதில் அதிக இடமில்லை. மின்சாரத்துக்கு மாறிய முதல் முதலாளிகள் பலர், நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரைப் பொருத்தினார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே சுழன்றுகொண்டிருந்தன. எரிபொருளில் கொஞ்சம் மிச்சமானது. வேலை பழையபடியே நடந்தது.

இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று ஆன பிறகுதான் நிலைமை தலைகீழானது. பொருள் நகரும் வரிசைக்கு ஏற்ப இயந்திரங்களை நிறுத்த முடிந்தது. தண்டும் பெல்ட்டும் போனதால் கூரையில் வெளிச்சத்துக்கு வழி பிறந்தது, மேலே கிரேன் ஓட இடம் கிடைத்தது. ஆனால் அதற்குப் புதிய கட்டடங்கள் வேண்டியிருந்தன. வேறு விதமாகச் சிந்திக்கும் மேலாளர்களும் வேண்டியிருந்தார்கள். மோட்டாரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இந்த மறு ஏற்பாட்டைப் பழகித்தான் பெற வேண்டும், அதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-ல் இதை எடுத்துக்காட்டினார். எங்கு பார்த்தாலும் கணினி இருக்கிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் அதன் பலனைக் காணோமே என்று அறிஞர்கள் குழம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

நான் கிடங்கில் பார்த்த பதிவேடும் அந்த இரும்புத் தண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

கண்டுபிடிப்பையும் புத்தாக்கத்தையும் ஒன்றாக நினைப்பதால்தான் இவ்வளவு பணம் வீணாகிறது. பார்கோடையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கான காப்புரிமை 1952-ல் வழங்கப்பட்டது. கடைகளுக்கான பொதுக் குறியீட்டின்படி முதல் பொருள் ஸ்கேன் செய்யப்பட்டதோ 1974 ஜூன் 26-ல், ஒஹாயோ மாநிலத்து அங்காடி ஒன்றில். ஒரு சூயிங்கம் பொட்டலம். இடையில் 22 ஆண்டுகள். லேசரும் விலை குறைந்த கணினியும் வரவேண்டியிருந்தது உண்மை. அதைவிடக் கடினமான வேலை, பொருளைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் ஒரே குறியீட்டுக்கு ஒப்புக்கொள்வது. அந்த உடன்பாடு 1973-ல் வந்தது. கோடுகளை வரைந்தது கண்டுபிடிப்பு. அந்த உடன்பாட்டைத்தான் நான் புத்தாக்கம் என்பேன்.

புத்தாக்கத்தை அளப்பதற்காக, பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி வெளியிடும் ஆஸ்லோ கையேடும் இதையே வற்புறுத்துகிறது. ஒரு நிறுவனத்தின் பொருளோ செயல்முறையோ, அந்த நிறுவனம் முன்பு வைத்திருந்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு மாறுபட வேண்டும். அது பயன்பாட்டுக்கும் வந்திருக்க வேண்டும். உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சிறு நிறுவனங்களை நடத்துபவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கூடமும் காப்புரிமையும் இல்லாததால் புத்தாக்கம் தங்களுக்கு எட்டாதது என்று அவர்கள் ஒதுங்கியிருந்தார்கள்.

நாட்டுப் பொருளாதாரத்துக்கும் இது பொருந்தும். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பில் கிடைத்த உற்பத்தி எவ்வளவு உயர்ந்தது என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1957-ல் கணக்கிட்டார். அந்த உயர்வில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் கூடுதல் மூலதனத்தைக் காரணமாகச் சொல்ல முடிந்தது. மீதி ஏழு பங்கையும் அவர் தொழில்நுட்ப மாற்றம் என்ற ஒரே தலைப்பில் வைத்தார். நன்றாகச் செய்யப் பழகியது, வரிசையை மாற்றியது, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இழப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. 1956-ல் கன்டெய்னர் எனப்படும் பெரிய சரக்குப் பெட்டிகள் 58-ஐ ஏற்றிக்கொண்டு 'ஐடியல் எக்ஸ்' கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றதோடு கன்டெய்னர் யுகம் தொடங்கியது. உலக வணிகம் பெருகியது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் கப்பல் துறைகளில் மூட்டை சுமந்தவர்களின் வேலையோ, சில பத்தாண்டுகளில் இல்லாமலே போனது. பயன் ஒரு பக்கமும் இழப்பு இன்னொரு பக்கமும் விழும்போது, இழக்கப்போகிறவர் ஒத்துழைப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? தனக்குத் தெரிந்ததை அவர் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்.

அதனால்தான் அந்த உரிமையாளரிடம் முதலில் ஒரு கடிதம் கேட்டேன்: இந்த மாற்றத்தைக் காரணம் காட்டி யாரையும் வேலையிலிருந்து நீக்க மாட்டோம் என்று, கையெழுத்துடன். அவர் தயங்கினார், பிறகு கொடுத்தார். அடுத்த வாரமே கிடங்குப் பொறுப்பாளர் தாமாகப் பதிவேட்டைத் திறந்து ஓரக் குறிப்புகளைக் காட்டினார். இன்ன சப்ளையரின் பெட்டியில் எண்ணிக்கை அடிக்கடி குறையும், இந்த வகை மழையில் துருப்பிடிக்கும் என்று, பொடி எழுத்தில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தவை. மென்பொருளில் அதற்கு இடமே இல்லை. அதை வாங்கும்போது யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

குறிப்பு எழுத ஒரு கட்டம் சேர்த்தோம். மேலாளரின் திரையிலும் அதே கணக்கு தெரியும்படி செய்தோம். சிறிய தொகைச் சரக்குக்குக் கையெழுத்து வேண்டாம் என்று விதியை மாற்றினோம். மேலாளர்தான் கடைசிவரை எதிர்த்தார். அந்தக் கையெழுத்தில்தான் தன் மதிப்பு இருப்பதாக அவர் நினைத்திருந்தார். ஆறு வாரம் பதிவேடும் மென்பொருளும் சேர்ந்தே ஓடின. கணக்கு ஒத்துப்போன பிறகு பதிவேட்டை நிறுத்தினோம். பயிற்சிக்கும் சரிபார்ப்புக்கும் செலவான மனித நேரத்தின் மதிப்பு, ஸ்கேனர்களின் விலையைத் தாண்டிவிட்டது. முதல் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரிகூட ஒதுக்கியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த உரிமையாளர் எதை வாங்கக் கிளம்பினாலும், அது வந்ததும் எந்த வேலை நிற்கும், அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுதித் தரச் சொல்கிறேன். பாதிப் பேர் எழுத முடியாமல் திரும்பி வருகிறார்கள். அங்கிருந்துதான் என் வேலை தொடங்குகிறது.

எட்டாவது மாதம் அந்தக் கிடங்குக்கு மீண்டும் போனேன். வாசலருகே பெட்டிகள் எதுவும் காத்திருக்கவில்லை. கொள்முதல் மேலாளர் பொறுப்பாளருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, திரையில் அவர் எழுதியிருந்த குறிப்பைப் படித்துக்காட்டியபடி, ஒரு சப்ளையரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.